தேசிங்கின் இடது கன்னம்

போன மாதம் பொன்னேரியில் ஒரு சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கார்டு ஒன்றைப் புதுப்பிக்கப் புதுப் படம் வேண்டுமாம். அங்கிருந்த பெண் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டிச் சட்டென்று எடுத்தாள். பார்த்தால், அதில் அறுபத்திரண்டு வயது வசந்தாவைக் காணோம். நெற்றிச் சுருக்கம் போயிருந்தது, கண்ணுக்குக் கீழே தொங்கும் பை போயிருந்தது, மூக்கோரத்து மச்சமும் போயிருந்தது. "இது நான் இல்லம்மா, வேற எடு" என்றேன். "அது தானா வருது ஆன்ட்டி, நிறுத்த முடியாது. நல்லாத்தான கீறீங்க?" என்றாள். நான் போட்ட சத்தத்தில் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேறொரு போனில் எடுக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். படம் திருத்தியே முப்பத்தைந்து வருஷம் சாப்பிட்டவள், என் படத்தைத் திருத்தாதே என்று சண்டை போட்டால் யாருக்கும் சிரிப்புதான் வரும். ஏன் போட்டேன் என்பதை எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் திருப்பாலைவனம். பழவேற்காட்டில் பாயின் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தபோது நெகட்டிவ் மேல் பென்சிலால் தீட்டிப் பரு மறைக்கும் காலம். அதைக் கற்றுக்கொண்டு கை பழகியபோது கலர் வந்தது. கலர் பழகியபோது கம்ப்யூட்டர் வந்தது. பென்சிலை வைத்துவிட்டு மவுஸைப் பிடித்தேன், அவ்வளவுதான். மறைத்தது அதே பருவைத்தான்.

பாயைப் பற்றிச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது. ஸ்டூடியோ முதலாளி. நாங்கள் எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். அவர் அதட்டி நான் கேட்டதில்லை. எதையும் இப்படிச் செய் என்று சொல்லவும் மாட்டார், கேள்வியாகத்தான் கேட்பார். "வசந்தா, இந்தப் பொண்ணுக்குக் காது ரெண்டா ஒண்ணா?" என்றால் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். உதடு மட்டும் அசைந்து சத்தமே வரவில்லை என்றால் அன்றைக்கு நாங்கள் தொலைந்தோம்.

அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. கார்டுக்குப் படம் எடுக்கும்போது, பெயர்ப் பட்டியலில் அவருக்குள்ள எண்ணை ஒரு துண்டு அட்டையில் எழுதி, அதை எடுக்கப்படுகிறவர் கையிலேயே கொடுத்து, கழுத்துக்குக் கீழே பிடிக்கச் சொல்லுவார். எண்ணும் முகமும் ஒரே படத்தில் விழும். பிறகு நான் எண்ணை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் வைப்பேன். அன்றைய படங்களை அன்றைக்கே கேமராவிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு ஃபோல்டரில் பூட்டுவார். அந்த ஃபோல்டரில் யாரும் கை வைக்கக்கூடாது. திருத்துவதெல்லாம் நகலில்தான்.

இனி பவுடர். அது நாங்கள் வைத்த பெயர். படம் திருத்தும் பெரிய மென்பொருளுக்குள் போய் உட்காரும் சின்னச் சின்னத் துணை மென்பொருள்கள் உண்டு, பிளக்-இன் என்பார்கள். எங்களிடம் இருந்த ஒன்று முகத்தை வழுவழுப்பாக்கும். பரு, கரும்புள்ளி, சுருக்கம் எல்லாவற்றையும் தேடிப் பூசிவிடும். எவ்வளவு பூச வேண்டும் என்பதற்கு நூறு வரை எண் உண்டு. கல்யாணப் பெண்ணுக்கு எழுபது வைப்பேன். கார்டுப் படத்துக்கு ஐந்து, அதுவும் தூசி போவதற்காக மட்டும். கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். "அக்கா, கொஞ்சம் கலரா போடு"னு சொல்லாத ஆளை இந்தக் கடற்கரையில் நான் பார்த்ததில்லை. வெயிலில் கருத்துக் கட்டையாய்ப் போன ஆம்பிளைகள்தான் இதில் முதல் ஆள்.

ஒரு நாள் பாய் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார், மென்பொருளும் புதுப் பதிப்பு. அதில் பவுடரைக் காணோம். சிடியைப் போட்டு ஏற்றினால், பொருத்த வேண்டிய மென்பொருள் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டது. எதிரே நின்றுகொண்டே இல்லை என்கிறது! பழைய கம்ப்யூட்டரிலிருந்து பவுடரின் கோப்பை எடுத்து, புதுசில் பிளக்-இன்களுக்கென்று இருக்கும் ஃபோல்டரில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். திறந்தால் அப்போதும் இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். புதுப் பதிப்பு அறுபத்துநான்கு பிட், பவுடர் முப்பத்திரண்டு பிட், ஒன்றுக்குள் ஒன்று போகாது என்று மூன்றாம் நாள்தான் விளங்கியது. நல்ல வேளையாக அதே மென்பொருளை ஏற்றும்போது முப்பத்திரண்டு பிட் வடிவமும் சேர்ந்து ஏறியிருந்தது. அதன் ஃபோல்டரில் பவுடரைப் போட்டேன். அதன் ஐகான் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, பழைய விண்டோஸில் ஓடுவதுபோல ஓடு என்று ஒரு டிக் போட்டேன். திறந்ததும் பட்டியலின் கடைசியில் பவுடர் வந்து நின்றது. அன்றைக்கு நானே என் காசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வாரம்தான் குப்பத்து மீனவர் சங்கத்தில் அடையாள அட்டைக்குப் படம் எடுத்தோம். சமுதாயக் கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ஒரே நாளில் இருநூறு பேருக்கு மேல். பாய் வழக்கப்படி அசலைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றிப் பூட்டினார், நகலைப் புதுசுக்குக் கொண்டுவந்தார். இத்தனை பேரை ஒவ்வொருவராகத் திருத்த மாட்டோம். வேலையை ஒரு தடவை செய்து பதிவு செய்துவைத்தால் மென்பொருள் அதையே வரிசையாக எல்லாவற்றுக்கும் செய்யும். பழைய கம்ப்யூட்டரில் செய்துவைத்த பதிவையே புதுசிலும் ஓடவிட்டேன். முதல் மூன்று படம் பார்த்தேன். மூன்று பேருமே மீசை அரும்பும் பையன்கள், முகத்தில் அழிப்பதற்கு ஒன்றும் இல்லை. சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

சரியாக இல்லை. பழைய பதிவிலிருந்த ஐந்து என்ற எண் புதுப் பதிப்புக்குப் புரியவில்லை. பவுடர் யாரையும் கேட்காமல் தன் சொந்த எண்ணை எடுத்துக்கொண்டது. அது எண்பது.

எனக்கு இது தெரியாமல் நடந்தது என்று முடித்துவிடலாம். ஆனால் கார்டுகள் வந்த அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. குப்பத்துப் பெண்கள் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்று கார்டை ஆட்டி ஆட்டிச் சிரித்தார்கள். "அக்கா, எங்க நைனாவ மாப்ள மாதிரி பண்ணிட்டியே!" என்றாள் ஒருத்தி. வாங்கிப் பார்த்தவுடன் புரிந்தது. எண்பது. பாயிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷத்தில் யாரும் வேலையைத் தேடி வந்து பாராட்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்.

நாலைந்து மாதம் போயிருக்கும். காலை ஒன்பதரை மணிக்கு அஞ்சலை ஓடிவந்தாள். குப்பத்தில் தேசிங்கின் மனைவி. ஏலத்திலிருந்து நேராக வந்திருந்தாள், கையில் மீன் செதிள் காயவில்லை.

"அக்கா, எங்க வூட்டுக்காரரைப் புடிச்சி வெச்சிக்கிறாங்க. கார்டுல இருக்கிறது அவரு இல்லியாம்."

மறுநாள் வடக்கே இருக்கும் தீவிலிருந்து ராக்கெட் விடுகிற நாள். அதற்கு முன்னும் பின்னும் வடக்கே கடலில் காவல் கடுமை. அந்தப் பக்கம் போகக்கூடாது என்று இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தேசிங்கின் படகில் எஞ்சின் நின்றுவிட்டது. நீவாடு என்கிற கடல் நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. காவல் படகு பிடித்து, மாநில எல்லைக்கு அந்தப் பக்கக் கரைக்குக் கொண்டுபோய்க் கார்டைக் கேட்டிருக்கிறது. அடுத்தவர் கார்டை வைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் உண்டு, அவர்கள் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. தேசிங்கின் முகத்தில் இடது கண்ணோரத்தில் தொடங்கித் தாடை வரைக்கும் விரல் தடிமனுக்குத் தழும்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் இரவில் விளக்கைப் பார்த்துத் தண்ணீரிலிருந்து பாய்ந்த முரல் மீன், ஊசி மூக்கால் கிழித்த தழும்பு. கார்டில் இருந்தவருக்கு அது இல்லை. ஆதார் படம் முரல் குத்துவதற்கு முன்னால் எடுத்தது, அதிலும் இல்லை. விரல் ரேகையை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கயிறும் உப்பும் தின்ற விரலை மெஷின் மூன்று தடவையும் ஏற்கவில்லை.

"யாரு கார்டு இது, உன் தம்பி கார்டாடான்னு கேக்கிறாங்களாம். அவருக்குத் தம்பியே இல்லியேக்கா! நாலு மணிக்குள்ள எதுனா ஆதாரம் கொண்டாந்து காட்டணுமாம். இல்லாட்டி கேஸ் எழுதி மேல அனுப்பிடுவாங்களாம். போட்டும் போயிடும், அவரும் உள்ள போயிடுவாரு."

அது அந்த எண்பதின் வேலை என்று எனக்கு உடனே தெரிந்தது. ஆனால் வாயில் என்ன வந்தது தெரியுமா? "கார்டு அடிச்சவங்க தப்பா இருக்கும் அஞ்சலை" என்றேன். அவள் அதை நம்பி, அவர்கள் எங்கே இருக்கிறார்கள், நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

பாய் உள்ளே வந்தார். முழுதையும் நின்றபடி கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "யார் எடுத்தது?" என்றார். "நீங்க, பாய்." "யார் திருத்தினது?" குரல் இறங்கியிருந்தது. "நான்." "எவ்ளோ வெச்ச?" உதடு மட்டும்தான் அசைந்தது. "எண்பது பாய். தெரியாம ஓடிடுச்சி. அப்புறம் தெரியும்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

"அசல் எங்க?" என்றார் பாய்.

அசல் பழைய கம்ப்யூட்டரில். பழைய கம்ப்யூட்டர் பின்னறையில், துணிக்கடியில். உப்புக் காற்றில் ஆறு மாதம் சும்மா கிடந்தால் இங்கே எதுவும் உருப்படாது. சுவிட்சைப் போட்டால் திரை கறுப்பு, உள்ளிருந்து பீப் பீப் பீப் என்று கத்தல் மட்டும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிப் புதுசில் மாட்டலாம் என்றால் பழைய பட்டை வயர் மாட்ட அதில் இடமே இல்லை. பெட்டியைத் திறந்து, ரேம் என்கிற நினைவக அட்டையைப் பிடுங்கினேன். அதன் அடியில் உள்ள பொன்னிறப் பற்கள் பச்சை பூத்திருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால், பளபளப்பு வரும்வரை இரண்டு பக்கமும் தேய்த்தேன். மாட்டிப் போட்டால் பீப். கழற்றித் தேய்த்தேன். மறுபடி பீப். நாலாவது தடவை ஒரே ஒரு பீப், பிறகு திரை வந்தது. அப்போது பதினொன்றரை.

பாய் பூட்டிய ஃபோல்டரைத் திறந்து எண்ணைத் தேடி எடுத்தேன். வெள்ளைத் துணிக்கு முன்னால் தேசிங்கு, கையில் எண் அட்டை, இடது கன்னத்தில் முழுத் தழும்பு. அஞ்சலை திரையைத் தொட்டுப் பார்த்தாள். நான் பிரிண்ட் போடப் போனேன்.

"பிரிண்டைக் காட்டினா அவங்க இன்னா கேப்பாங்க வசந்தா?" என்றார் பாய்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தழும்பை அழிக்கத் தெரிந்தவளுக்கு வரையத் தெரியாதா? காலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டு வந்தாயா என்றுதான் கேட்பார்கள். அழித்ததை அவர்கள் கண் முன்னாலேயே அழித்துக் காட்டினால்தான் நம்புவார்கள். மெஷினையே தூக்கினோம். பாயின் பழைய ஆம்னி வேனில் பின் சீட்டில் கம்ப்யூட்டரை என் மடியில் வைத்துக்கொண்டேன், திரையை அஞ்சலை பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்புக்குளம் வழியாக ஆரம்பாக்கம் போய் மாநில எல்லையைத் தாண்ட வேண்டும். ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்திலும் மடியில் ஏதோ கடகடவென்றது. வழி முழுக்க அஞ்சலை முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தாள்.

காவல் நிலையத்தில் போய் இறங்கும்போது மூன்றே கால். தேசிங்கு சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார், சட்டை உப்புப் பூத்திருந்தது. அதிகாரி ஐம்பது வயதுக்காரர், தெலுங்கும் தமிழும் கலந்து பேசினார். "அம்மா, மீரு எவரு? யார் நீங்க?"

"இந்தப் படத்தைத் திருத்தினது நான்தான் சார். தப்பு என்னுது" என்றேன். அதைச் சொல்லத்தான் வழி முழுக்கப் பயந்துகொண்டு வந்தேன்.

அவர் மேஜையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டேன். பீப் பீப் பீப். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ரப்பரைக் கொண்டுவந்திருந்தேன். பெட்டியைத் திறந்து, எல்லோரும் பார்த்திருக்கத் தேய்த்தேன். இரண்டாவது தடவை திரை வந்தது. அசலைத் திறந்தேன். தழும்பைப் பார்த்தார், எண் அட்டையைப் பார்த்தார், பாய் கொண்டுவந்திருந்த சங்கத்துப் பெயர்ப் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். நாங்கள் நினைத்த கேள்வியையே கேட்டார்.

"இதை நீங்க இப்ப போட்டு எடுத்து வரலைன்னு எனக்கு எப்டி தெரியும்?"

"அழிச்சிக் காட்டறேன் சார்."

மென்பொருளில் பிளக்-இன் பட்டியலைத் திறந்தேன். பவுடர் இருந்தது, ஆனால் எழுத்து மங்கிச் சாம்பலாக இருந்தது. அழுத்தினால் அசையவில்லை. எனக்கு உலகமே இருண்டது. பழைய கம்ப்யூட்டர், பழைய பதிப்பு, பழைய பவுடர், எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியவைதானே? பாய் என் பின்னால் நின்றிருந்தார். "வசந்தா, நீ எப்பவாவது அசல்ல பவுடர் போட்டிருக்கியா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை, நகலில்தான் போட்டிருக்கிறேன். நகல் எடுக்கும்போது படத்தை எட்டு பிட்டாகக் குறைத்துவிடுவோம். அசல் பதினாறு பிட்டில் இருக்கும், நிற விவரம் அதிகம், பவுடரால் அவ்வளவையும் தின்ன முடியாது. ஒரு நகலை எடுத்து எட்டு பிட்டுக்கு மாற்றினேன். பவுடர் கறுப்பாகத் தெளிந்தது. எண்ணைக் கையால் எண்பதுக்கு நகர்த்தி அழுத்தினேன்.

மேலிருந்து கீழாகப் படம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. முதலில் நெற்றி வழுவழுப்பானது. பிறகு கண்ணோரத்தில் தழும்பின் தலை மறைந்தது. கன்னம் மறைந்தது, தாடை மறைந்தது. அதிகாரி கார்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். இழுப்பறையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"இது ஏமிட்டி, என்ன இது?" என்று திரையில் ஓர் இடத்தைத் தொட்டார். காது மடலுக்குக் கீழே, கிருதா முடிகிற இடம். முடி இருக்கும் இடத்தைப் பவுடர் தொடாது. அங்கே தழும்பின் நுனி எள்ளளவு பாக்கி நின்றது. கார்டில் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அதே இடத்தில், அதே எள்ளளவு. நான் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை.

பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுத் தேசிங்கைக் கூப்பிட்டு, எழுந்து நாற்காலியில் உட்காரச் சொன்னார். என்னிடம் காகிதத்தை நீட்டி, எப்படி அழிந்தது, யார் அழித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதினேன். அதை வாங்கிப் படித்துவிட்டுக் கேட்டார்: "அன்னைக்கு எத்தினி பேருக்கு இப்டி பண்ணீங்க?"

"இருநூறு பேருக்கு மேல சார்."

"அப்போ இன்னைக்கு அந்த ஊர்ல இருநூறு பேர் வேற ஆளோட முகத்தை வெச்சிக்கினு கடல்ல இருக்காங்க. ஒருத்தன் செத்து ஒதுங்கினா, இந்த கார்டை வெச்சி யாருன்னு கண்டுபிடிக்கறது?"

பாய்தான் சொன்னார், "எல்லாத்தையும் மறுபடி எடுத்துக் குடுத்துடறோம் சார்" என்று. அவர் கேள்வியாக இல்லாமல் ஒரு வாக்கியம் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

ராக்கெட் போன பிறகு படகை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். திரும்பும்போது பின் சீட்டில் எனக்கும் அஞ்சலைக்கும் நடுவில் தேசிங்கு. கார்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எப்போது திட்டுவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். ஆரம்பாக்கம் தாண்டியதும் பொறுக்க முடியாமல், "தேசிங்கு, கார்டு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். சொல்லல. என்னை மன்னிச்சிடுப்பா" என்றேன்.

"எனக்கும் தெரியும்க்கா" என்றார். "இது வேற மூஞ்சின்னு எனக்குத் தெரியாதா? வந்து சொல்லியிருந்தா நீ மாத்திக் குடுத்திருப்ப. மனசு வர்ல. முரல் குத்தினதுலேர்ந்து யாரு பாத்தாலும் இங்கதான் பாக்கிறாங்க. பஸ்ல புள்ளைங்க பயந்துக்குதுங்க. சரி, இதுலயாச்சும் நல்லா இருந்துட்டுப் போவட்டும்னு வுட்டுட்டேன்."

அஞ்சலை அவர் தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். "அதுக்கு ஜெயிலுக்குப் போவியா நீ?" என்று அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். ஊர் வரும்வரை அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் மறுபடியும் வெள்ளைத் துணியைக் கட்டினோம். சங்கத்தில் சொல்லி, தண்டோரா போட்டும் ஆட்கள் வரவில்லை. வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்களே தவிர உள்ளே வர மனமில்லை. இருக்கிற முகம் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒரு பெரியவர் பாயிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பாய் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார். நான் எண் அட்டைகளை அடுக்கிக்கொண்டு வாசலையே பார்த்திருந்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தேசிங்கு உள்ளே வந்தார். தலை சீவி, துவைத்த சட்டை போட்டிருந்தார். என் கையிலிருந்து அட்டையை வாங்கிக் கழுத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "அக்கா, வெளிச்சம் இந்தப் பக்கம் நல்லா வுழுதான்னு பாரு" என்று இடது கன்னத்தைத் திருப்பிக் காட்டினார்.